ரிலே காயிலுக்குக் குறுக்கே வெறும் டயோடு: பாயிண்ட் ஒட்டிக்கொள்வதில் அதற்கும் பங்கு உண்டா?

அம்பத்தூர்ப் பட்டறை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சம்பிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு நீர் ஏற்றும் மோட்டார்களுக்கான தானியங்கிக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளை அம்பத்தூரில் ஒரு சிறிய பட்டறையில் செய்து விற்றுவருகிறேன். அண்மைக் காலமாக ஒரே வகையான புகார் திரும்பத் திரும்ப வருகிறது. தொட்டி நிரம்பிய பிறகும் மோட்டார் நிற்பதில்லை. கொளத்தூரில் ஓர் அடுக்ககத்தில் இரவு முழுவதும் நீர் வழிந்து, கீழ்வீட்டுக்காரர் காலையில் படியேறி வந்து சொன்ன பிறகுதான் அவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

நான் போய்ப் பெட்டியைத் திறந்தபோது, மோட்டாரை இயக்கி நிறுத்தும் மின்காந்த சுவிட்சான ரிலேயின் எல்இடி அணைந்திருந்தது. காயிலில், அதாவது அதன் மின்காந்தச் சுருளில், வோல்டேஜ் இல்லை. ஆனால் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்குரூடிரைவரின் பிடியால் ரிலேயின் முதுகில் மெல்ல ஒரு தட்டுத் தட்டியதும், 'டிக்' என்று ஒலி எழுப்பி ரிலே விட்டுக்கொடுத்தது. அதன்பின் இருபது முறை இயக்கிப் பார்த்தேன். ஒரு முறைகூட ஒட்டவில்லை.

சுற்றின் விவரம் இதுதான்: 12 வோல்ட் காயில், அதன் தடை 155 ஓம், பாயிண்ட் (மோட்டாரின் மின்னோட்டத்தை இணைத்துத் துண்டிக்கும் தொடுமுனைகள்) 30 ஆம்பியர். இயக்குவது பிசி337 டிரான்சிஸ்டர். காயிலுக்குக் குறுக்கே வழக்கமான 1என்4007 டயோடு. மோட்டார் 1 எச்பி, ஒற்றை பேஸ். ரிச்சி தெருவில் இரண்டு நிறுவனங்களின் ரிலேக்களை மாற்றி வாங்கிப் பார்த்துவிட்டேன், பலன் இல்லை. டயோடை மாற்றினால் சரியாகும் என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னார். டயோடு டிரான்சிஸ்டரைக் காப்பதற்காக இருப்பது. பாயிண்டுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்பது எனக்கு விளங்கவில்லை.

பழைய சோல்டர் எழுதியது:

டயோடின் மேல் பழி போடாதீர்கள். முப்பது ஆண்டுகளாக ரிலேக்களோடு பழகுகிறேன்; டயோடு இல்லாமல் ஒரு சுற்றும் வரைந்ததில்லை. 1 எச்பி மோட்டார் ஓடும்போது 6 அல்லது 7 ஆம்பியர் எடுக்கும்; கிளம்பும் நொடியில் அதைப்போல் ஐந்து மடங்கு எடுக்கும். ரிலேயின் மேல் அச்சிட்டிருக்கும் 30 ஆம்பியர், ஹீட்டர் போன்ற சுமைக்கான கணக்கு; மோட்டாருக்கானது அல்ல. பாயிண்ட் மூடும்போது இரண்டு மூன்று முறை துள்ளும். அந்தத் துள்ளலின் நடுவே 35 ஆம்பியர் பாய்ந்தால் வெள்ளி உருகி ஒட்டத்தான் செய்யும். மோட்டாருக்குக் கான்டாக்டர் (பெருமின்னோட்டத்துக்கான பெரிய ரிலே) போடுங்கள். ரிலே அந்தக் கான்டாக்டரின் காயிலை மட்டும் இயக்கட்டும். பிரச்சினை முடிந்தது.

பெருங்குடி ஆய்வகம் எழுதியது:

பழைய சோல்டர் ஐயா சொன்னதில் தவறு ஏதும் இல்லை. ஒட்டு விழுவது மூடும்போதுதான். ஆனால் கேள்வியில் ஒரு தடயம் இருக்கிறது, அதை நாம் கடந்து போய்விடக் கூடாது: ஒரு தட்டில் விட்டுக்கொடுத்தது என்கிறார். கெட்டியாக உருகி இணைந்த பாயிண்ட் ஸ்குரூடிரைவர்த் தட்டுக்கு அசையாது. எனவே இது மேலோட்டமான ஒட்டு. இத்தகைய சிறு ஒட்டுகள் மோட்டாரை இயக்கும் எந்த ரிலேயிலும் அவ்வப்போது விழுந்துகொண்டுதான் இருக்கும். ரிலே விடும்போது ஆர்மெச்சூர் (காயிலின் காந்தம் இழுக்கும் அசையும் இரும்புத் தகடு) வேகமாகத் திரும்பி வந்து கொடுக்கும் உதையில் அவை பிய்ந்துவிடும். நமக்குத் தெரிய வருவதே இல்லை. ஆகவே இங்கே கேட்க வேண்டியது, ஒட்டு ஏன் விழுந்தது என்பதோடு, அந்த உதை ஏன் போதவில்லை என்பதும்தான். டயோடு உள்ளே வருவது இந்த இரண்டாவது கேள்வியில்.

உங்கள் காயிலில் 77 மில்லி ஆம்பியர் ஓடுகிறது. டிரான்சிஸ்டர் அணைந்தவுடன் அந்த மின்னோட்டம் சட்டென்று நிற்க மறுக்கிறது. வழி எதுவும் இல்லாவிட்டால் காயிலின் முனையில் பல நூறு வோல்ட் எழும்பும். 45 வோல்ட் தாங்கும் பிசி337 அதில் பிழைக்காது. டயோடு இருந்தால் மின்னோட்டம் அதன் வழியே காயிலுக்குள்ளேயே சுற்றி வருகிறது. காயிலின் குறுக்கே 0.7 வோல்ட் மட்டுமே எதிர்த்து நிற்பதால், காயிலின் சொந்தத் தடையில்தான் அந்த ஆற்றல் மெல்ல மெல்லக் கரைய வேண்டியிருக்கிறது. டிரான்சிஸ்டருக்கு இதைவிட நல்ல பாதுகாப்பு இல்லை. ஆனால் காந்தம் சாகாமல் இழுத்துக்கொண்டே கிடக்கிறது.

கணக்காகப் பார்ப்போம். மின்னோட்டம் கால்பங்காகக் குறையும்போது ஆர்மெச்சூர் விடுகிறது என்று கொள்வோம். காயிலின் இன்டக்டன்ஸை அதன் தடையால் வகுத்து வரும் நேர மாறிலி 4 மில்லி வினாடி என்று வைத்துக்கொண்டால், வெறும் டயோடில் அந்த நிலைக்கு வர ஏறத்தாழ 4.9 மில்லி வினாடி ஆகும். டயோடோடு 24 வோல்ட் ஜீனர் (எதிர்த்திசையில் அந்த வோல்டேஜை எட்டினால் மட்டுமே கடத்தும் டயோடு) ஒன்றைத் தொடராகச் சேர்த்தால் 1.1 மில்லி வினாடிதான்.

இங்கே பலர் தவறாக எண்ணுவது, இந்தத் தாமதமே பாயிண்டைக் கெடுக்கிறது என்று. தண்ணீர் மோட்டார் 4 மில்லி வினாடி தாமதமாக நின்றால் யாருக்கு என்ன நட்டம்? கெடுப்பது தாமதமல்ல, சோம்பல். மின்னோட்டம் மெல்ல வடியும்போது, காந்த இழுப்பு ஸ்பிரிங்கின் விசைக்கு ஒரு மயிரிழை கீழே இறங்கிய கணத்தில் ஆர்மெச்சூர் கிளம்பிவிடுகிறது. அப்போது இரண்டு விசைகளும் கிட்டத்தட்டச் சமம். முன்னே தள்ளுவது அவற்றுக்கு இடையே உள்ள சிறு வேறுபாடு மட்டுமே. போதாக்குறைக்கு, ஆர்மெச்சூர் விலகும்போது காந்தப் பாயம் குறைகிறது. அந்தக் குறைவை எதிர்த்து, டயோடு வழியாக மூடியிருக்கும் காயிலில் புதிதாக மின்னோட்டம் தூண்டப்படுகிறது. அது ஆர்மெச்சூரைப் பின்னாலிருந்து பிடித்து இழுக்கும் பிரேக்காக வேலை செய்கிறது. ஜீனர் இருக்கும்போது ஆர்மெச்சூர் அசையத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே மின்னோட்டம் அற்றுப்போய்விடுவதால், ஸ்பிரிங்கின் விசை ஏறக்குறைய முழுவதும் ஓட்டத்துக்கே கிடைக்கிறது.

பாயிண்ட் மூடியிருக்கும்போது ஆர்மெச்சூர் தேவைக்கும் சற்று அதிகமாகவே உள்ளே போய் அழுத்திக்கொண்டிருக்கும். திரும்பும்போது அந்தக் கூடுதல் தூரத்தைக் கடந்த பிறகுதான் பாயிண்டைப் பிடித்துத் தூக்குகிறது. அந்தச் சிறு தூரத்தில் அது எவ்வளவு வேகம் பிடிக்கிறதோ அவ்வளவுதான் சுத்தியல் அடி. சோம்பலாக வந்தால் அடி இல்லை, வெறும் தொடுதல்தான். கொளத்தூரில் உங்கள் ஸ்குரூடிரைவர் கொடுத்தது, ரிலே தானே கொடுத்திருக்க வேண்டிய அடியை.

கிண்டி மாணவி எழுதியது:

ஐயா, இரண்டு ஐயங்கள். ஜீனரின் வோல்டேஜ் கூடக்கூட மின்னோட்டம் வேகமாக வடியும் என்றால் 100 வோல்ட் ஜீனரே போடலாமே? அடுத்தது, ஜீனர் வாங்குவதற்குப் பதிலாக டயோடோடு தொடராக ஒரு ரெசிஸ்டரைப் போட்டால் போதாதா?

பெருங்குடி ஆய்வகம் எழுதியது:

முதல் ஐயத்துக்கு: டிரான்சிஸ்டரின் கலெக்டரில் (காயிலோடு இணைந்த முனையில்) சப்ளை வோல்டேஜும் ஜீனர் வோல்டேஜும் சேர்ந்து வந்து நிற்கும். 12 வோல்டும் 24.7 வோல்டும் சேர்ந்தால் 36.7, பிசி337 தாங்கும். 100 வோல்ட் போட்டால் உயர் வோல்ட் டிரான்சிஸ்டர் தேடி அலைய வேண்டும். அலைந்தாலும் பயன் அவ்வளவு இல்லை. மேலே சொன்ன கணக்கிலேயே, 0.7இலிருந்து 24.7 வோல்டுக்குப் போனபோது 3.8 மில்லி வினாடி மிச்சமாயிற்று. அங்கிருந்து 50 வோல்டுக்குப் போனால் மேலும் மிச்சமாவது அரை மில்லி வினாடி மட்டுமே. சப்ளைக்கு இரண்டு மடங்கு என்ற அளவில் நிறுத்திக்கொள்வது போதுமானது.

இரண்டாவது ஐயம் நல்ல ஐயம். 330 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் போட்டால், முதல் கணத்தில் 77 மில்லி ஆம்பியர் அதில் பாய்ந்து 25 வோல்ட் எழும். அதாவது டிரான்சிஸ்டர் சுமக்கும் பாரம் ஜீனரில் இருந்ததேதான். ஆனால் மின்னோட்டம் குறையக் குறைய ரெசிஸ்டரின் வோல்டேஜும் கூடவே குறைந்துபோகும். ஜீனரோ கடைசிவரை 24 வோல்டைப் பிடித்து நிற்கும். அதனால் ரெசிஸ்டரில் 1.7 மில்லி வினாடி, ஜீனரில் 1.1. வெறும் டயோடின் 4.9ஓடு ஒப்பிட்டால் ரெசிஸ்டரும் மோசமில்லை. கையில் ஜீனர் இல்லாத இரவில் தாராளமாகப் போடலாம்.

பழைய சோல்டர் எழுதியது:

விளக்கம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் நான் போட்ட ஆயிரக்கணக்கான டயோடுகள் ஏன் என்னைக் கைவிடவில்லை என்பதையும் சொல்லுங்கள்.

பெருங்குடி ஆய்வகம் எழுதியது:

அந்த ரிலேக்கள் பெரும்பாலும் எதை இயக்கின, ஐயா? மணி, சிறு விளக்கு, வேறொரு ரிலேயின் காயில் என்றால் அவற்றில் ஒட்டு விழுவதற்கே இடமில்லை, உதையும் தேவைப்படவில்லை. 230 வோல்ட் ஏசியில் இன்னொரு சலுகையும் உண்டு. மின்வில் (பாயிண்டுகள் பிரியும்போது அவற்றுக்கு இடையே எரியும் தீப்பொறி) எழுந்தாலும் 10 மில்லி வினாடிக்கு ஒரு முறை மின்னோட்டம் சுழியைத் தொடுவதால் பெரும்பாலும் தானாக அணைந்துவிடும். மெல்லத் திறந்தாலும் பெரிய சேதம் இல்லை. வெறும் டயோடு குற்றவாளி ஆவது இரண்டு இடங்களில்: மூடும்போது பெருமின்னோட்டம் பாயும் மோட்டார், எல்இடி டிரைவர் போன்ற சுமைகளில் ஒன்று, டிசி சுமைகளில் மற்றொன்று.

வேளச்சேரி கேட்டுக்காரர் எழுதியது:

அந்த மற்றொன்றின் கதையை நான் சொல்கிறேன். கார் நிறுத்துமிடங்களுக்கு 24 வோல்ட் டிசி மோட்டார் வைத்த தானியங்கிக் கேட்டுகள் பொருத்துகிறோம். பழுதாகிக் கழற்றிய ரிலேயின் மூடியை அறுத்து, கடிகாரம் பழுது பார்ப்பவர் கண்ணில் செருகிக்கொள்ளும் லென்சால் பார்த்தேன். ஒரு பாயிண்டில் குங்குமச் சிமிழின் மூடிபோல் சிறு மேடு. எதிர்ப் பாயிண்டில் அதே அளவுக்கு அச்சு எடுத்தாற்போல் ஒரு குழி. சுற்றிலும் கரும்புகை படிந்திருந்தது. டிசியில் மின்னோட்டம் எப்போதும் ஒரே திசையில் பாய்வதால், ஒவ்வொரு திறப்பிலும் உலோகம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கே போய்ச் சேர்கிறது. வெள்ளிப் பாயிண்டுகளில் சுமார் 12 வோல்டும் 0.4 ஆம்பியரும் இருந்தாலே மின்வில் நிலைத்து நிற்கும் என்பதால், எங்கள் 24 வோல்ட் மோட்டாருக்குத் தப்பிக்க வழியில்லை. இடைவெளி சீக்கிரம் அகன்றால்தான் வில் அறும். ஆர்மெச்சூர் தூங்கி வழிந்தால் ஒவ்வொரு முறையும் எரிவது கூடும். கடைசியில் மேடு குழிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது.

இன்னொரு வினையும் உண்டு. திறக்க ஒரு ரிலே, மூட ஒரு ரிலே. கேட்டின் நடுவே ஆள் வந்தால் திசை உடனே மாற வேண்டும். ஒரு ரிலே முழுமையாக விடுவதற்குள் மற்றது இழுத்துவிட்டதால் சப்ளையே ஷார்ட் ஆகி இரண்டு பலகைகள் கருகின. நிரலில் 50 மில்லி வினாடி இடைவெளி விட்டும், டயோடுகளோடு ஜீனர் சேர்த்தும்தான் மீண்டோம். பெரிய டிசி கான்டாக்டர்களில் இது இன்னும் கடுமை. காயிலுக்குக் குறுக்கே டயோடு போட்டால் விடும் நேரம் 6 முதல் 10 மடங்கு வரை கூடும் என்று கேட்டலாக்கிலேயே அச்சிட்டிருப்பார்கள்.

அம்பத்தூர்ப் பட்டறை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கான்டாக்டர் போட்டால் பெட்டியின் விலை என் வாடிக்கையாளர்கள் கொடுக்கும் விலையைத் தாண்டிவிடும் என்பதால், ஜீனரையே முதலில் முயல எண்ணுகிறேன். 24 வோல்ட், 1 வாட் ஜீனரான 1என்4749 வாங்கியிருக்கிறேன். எந்தப் பக்கம் எப்படி வர வேண்டும் என்பதையும், பாயிண்டுக்குக் குறுக்கே ஆர்சி ஸ்னப்பர் (தீப்பொறியைத் தணிக்க ரெசிஸ்டரும் கப்பாசிட்டரும் தொடராகச் சேர்ந்த இணைப்பு) வேண்டுமா என்பதையும் சொல்லுங்கள்.

பெருங்குடி ஆய்வகம் எழுதியது:

இப்போதுள்ள டயோடின் கோடு போட்ட முனை நேர் சப்ளையில் இருக்கிறது அல்லவா? அது அப்படியே இருக்கட்டும். அதன் மறுமுனையைக் கலெக்டரிலிருந்து கழற்றி, அந்த இடைவெளியில் ஜீனரைக் கோடு போட்ட முனை கலெக்டரைப் பார்க்கும்படி வையுங்கள். இரண்டின் கோடில்லாத முனைகளும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். டயோடை எடுத்துவிட்டு ஜீனரை மட்டும் போட்டால், டிரான்சிஸ்டர் இயங்கும்போது ஜீனர் நேர்த்திசையில் கடத்தி ஷார்ட் ஆகும்.

உங்கள் சப்ளை ரெகுலேட்டர் இல்லாத 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் என்று ஊகிக்கிறேன். சுமை இல்லாதபோது அது 15.6 வோல்டுக்கு ஏறும். நள்ளிரவில் லைன் வோல்டேஜ் கூடினால் இன்னும் ஒரு வோல்ட். 17உம் 25உம் சேர்ந்தால் 42. பிசி337இன் 45 வோல்ட் எல்லைக்குள்தான் இருக்கிறது, ஆனால் ஓரத்தில் இருக்கிறது. மனம் ஒப்பாவிட்டால் 18 வோல்ட் ஜீனர் போடுங்கள். வேகத்தில் இழப்பு சிறிதுதான். யுஎல்என்2003 சிப்பில் 24 வோல்ட் ரிலேக்களை இயக்குபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அதன் எல்லை 50 வோல்ட். அதன் பொது டயோடு முனையை நேர் சப்ளையில் நேரடியாக இணைக்காமல் 18 வோல்ட் ஜீனர் வழியாக இணைத்தால் போதும். ஏழு ரிலேக்களுக்கும் ஒரே ஜீனர்.

ஸ்னப்பர் வேறு கதை. அது சுமையின் பக்கத்து வேலை. காயிலின் பக்கத்து வேலையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. 0.1 மைக்ரோ ஃபாரட் கப்பாசிட்டர் போட்டால், பாயிண்ட் திறந்திருக்கும்போதும் 230 வோல்டில் 7 மில்லி ஆம்பியர் கசியும். மோட்டாருக்கு அது ஒன்றுமில்லை; ஆனால் அதே கம்பியில் எல்இடி விளக்கு இருந்தால் இரவெல்லாம் மினுமினுக்கும். உங்கள் நோய் ஒட்டு என்பதால் இப்போதைக்கு அது வேண்டாம்.

அம்பத்தூர்ப் பட்டறை எழுதியது:

நண்பர் ஒருவரின் ஆசிலோஸ்கோப்பில் அளந்தேன். காயிலோடு தொடராக 10 ஓம் ரெசிஸ்டர் வைத்து மின்னோட்டத்தையும், பாயிண்ட் வழியே 5 வோல்ட் விட்டுத் திறக்கும் கணத்தையும் பார்த்தேன். வெறும் டயோடில் பாயிண்ட் திறக்க 6.8 மில்லி வினாடி, ஜீனரோடு 2.1. டயோடு இருந்தபோது மின்னோட்டக் கோடு சீராக இறங்கிவந்து, நடுவில் ஒட்டகத்தின் முதுகுபோல் சற்று மேலே எழும்பி மறுபடி இறங்கியது. ஜீனர் போட்ட பிறகு அந்தத் திமிலே இல்லை.

பெருங்குடி ஆய்வகம் எழுதியது:

அந்தத் திமில்தான் நான் சொன்ன பிரேக். ஆர்மெச்சூர் கிளம்பி ஓடும் ஓட்டத்தால் தூண்டப்பட்ட மின்னோட்டம் அது. காதில் கேட்டாலே வேறுபாடு தெரியும்: ஜீனரோடு விடும் ஒலி கூர்மையாக இருக்கும்.

கிண்டி மாணவி எழுதியது:

ரிலேயின் டேட்டாஷீட்டில் விடும் நேரத்துக்குப் பக்கத்தில் 'டயோடு இல்லாமல்' என்று அச்சிட்டிருந்ததை இத்தனை நாள் படித்தும் பொருள் புரியாமல் இருந்தேன். இன்று புரிந்தது.

அம்பத்தூர்ப் பட்டறை எழுதியது (மூன்று மாதங்களுக்குப் பிறகு):

புகார் வந்த வீடுகளில் ஐந்தைத் தேர்ந்தெடுத்து ஜீனர் பொருத்தியிருந்தேன். ஐந்து வீடுகளை வைத்து எதையும் நிறுவ முடியாது என்பது தெரியும். இருந்தாலும் நான்கில் இதுவரை புகார் இல்லை. முன்பு மாதம் ஒரு முறையாவது ஒட்டிய பெட்டிகள் அவை. ஐந்தாவதான கொளத்தூர்ப் பெட்டி மட்டும் சென்ற வாரம் மறுபடி ஒட்டிவிட்டது. பழைய சோல்டர் ஐயா சொன்னபடி கான்டாக்டரே வாங்கிவிடலாம் என்று முடிவெடுத்துப் பெட்டியைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்தேன்.

பலகையைத் திருப்பிப் பார்த்தால், செப்புப் பக்கத்தில் காயிலின் இரண்டு கால்களுக்கும் நடுவே பழைய 1என்4007 ஒன்று சோல்டர் செய்யப்பட்டிருந்தது. எப்போதோ பழுது பார்த்தபோது என் உதவியாளர் மேல்பக்கத்து டயோடின் மேல் ஐயம் கொண்டு, கீழே இன்னொன்றைச் சேர்த்திருக்கிறார். நான் மேல்பக்கத்து டயோடை மட்டும் கழற்றி ஜீனரோடு இணைத்திருக்கிறேன், கீழே 0.7 வோல்டில் திறந்த வாசல் இருக்கும்போது மின்னோட்டம் 24 வோல்ட் சுவரை ஏன் ஏறப்போகிறது?

பழைய சோல்டர் எழுதியது:

கடையில் ஆயத்தமாக விற்கும் ரிலே மாட்யூல்களிலும் இதே பொறி உண்டு. டயோடு பலகையிலேயே இருக்கும், வெளியே ஜீனர் போட்டுப் பயன் இல்லை. கார் ரிலேக்களில் சிலவற்றில் டயோடு உள்ளேயே மறைந்திருக்கும். சரி, அந்தக் கீழ்டயோடை வெட்டிவிட்டு மறுபடி அளந்து பார்த்தீர்களா?

அம்பத்தூர்ப் பட்டறை எழுதியது:

வெட்டிவிட்டேன், ஐயா. 6.9 இருந்தது 2.2 ஆயிற்று. தேய்ந்த பாயிண்டை நம்பாமல் ரிலேயையும் புதிதாக மாற்றி, நேற்று மாலை கொளத்தூரில் மாட்டிவிட்டு வந்தேன். கீழ்வீட்டுக்காரர் மாடிவரை வந்து பார்த்துவிட்டுப் போனார்.